நங்கூரமாகிப் போன எஞ்சின்

பட்டறைத் தம்பிகளே, எஞ்சினைக் கழற்றும்போது கை நடுங்குகிறது என்று உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் வந்து சொன்னார். பெயரைச் சொல்ல மாட்டேன். கை நடுங்குவது நல்லதுதான். கை கொஞ்சமும் நடுங்காமல், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே நான் செய்த ஒரு வேலையால், ஓர் எஞ்சின் ரங்கூன் ஆற்றின் அடியில் போய் உட்கார்ந்தது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் பர்மிய மொழியில் படித்துச் சொல்லுங்கள். பொய் எதையும் சேர்க்க வேண்டாம், நானே போதுமான அளவு சொல்லியிருக்கிறேன்.

என்னை நெருக்கடியில் அசையாத மனிதன் என்று நம் பட்டறை இருக்கும் தின்கன்ஜூன் பேட்டை முழுக்கச் சொல்வார்கள். உண்மைதான். நெருக்கடி வந்தால் என் கால்கள் அசையவே மாட்டா. பயத்தில் ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவர்களுக்கு அது நிதானம் போலத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புதுக் கார் என்பதைக் காலண்டரில்தான் பார்க்கலாம். ஊரில் ஓடியதெல்லாம் நம் அப்பாக்கள் காலத்து வண்டிகள். பெட்ரோல் ரேஷனில் வந்தது, ரேஷன் போதாமல் தெருவோரத்து பிளாஸ்டிக் கேன்களில் வந்தது. அதனால் பழைய இங்கிலீஷ் கார்களின் வயிற்றைக் கிழித்து, ஜப்பான் லாரியின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினை உள்ளே வைத்துத் தைப்பதுதான் எங்கள் பட்டறையின் முக்கியத் தொழில். வெளியே துரை, உள்ளே லாரி. அப்படி எத்தனை துரைகளை நாங்கள் லாரியாக்கினோம் என்பதற்குக் கணக்கில்லை.

ஒரே ஒரு வண்டி மட்டும் எங்களுக்கு வளையவில்லை. தாமுவேயில் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருந்த டோ கின் மியாவின் வண்டி அது. நான் அவரை அமா என்றுதான் கூப்பிடுவேன், பர்மிய மொழியில் அக்கா. அவருக்கு நான் மரியாதையாகக் கோ மணி. நீள மூக்குக் கறுப்புக் கார். அந்த மூக்குக்குள் கம்பெனியில் வைத்த அதே ஆறு சிலிண்டர், ஒரே வரிசையில். அமா பெண்ணை அலங்கரித்து, அந்த வண்டியில் ஏற்றி மண்டபத்தில் இறக்கிவிடுவார். அலங்காரமும் வண்டியும் சேர்ந்து ஒரே வாடகை. ஊரில் கல்யாண வீட்டுக்காரர்கள் அவரைத் தேடி வந்ததில் பாதி அந்த வண்டிக்காகத்தான்.

"அமா, டீசல் வச்சிடலாம். நாலு சிலிண்டர் போதும்," என்று நான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நாலு எப்படிப் போதும்?" என்பார். "கோ மணி, போன வருஷம் வேற ஒருத்தர் டீசல் வண்டியில ஒரு பொண்ணு போனா. ஏறும்போது மணப்பெண். இறங்கும்போது நெல்லு குத்திட்டு வந்தவ மாதிரி இருந்தா. கொண்டையில இருந்த பூ மடியில இருந்துச்சு."

என் வேலையை அவர் சோதிக்கும் முறையும் தனி. எஞ்சினை ஓடவிட்டு, பின் சீட்டில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தனக்கே புருவம் வரைவார். கோடு நேராக வந்தால் எஞ்சின் சரி. கோணினால் இறங்கி வந்து கோணலான புருவத்தோடு என்னை ஒரு பார்வை பார்ப்பார். அதைவிட வாயால் திட்டியிருக்கலாம்.

புத்த நோன்பு மாதங்கள் மூன்றிலும் பர்மியர் வீட்டில் கல்யாணம் கிடையாது. அந்த வருஷம் நோன்பு தொடங்கியதும் அமா வண்டியைக் கொண்டுவந்து விட்டார். எஞ்சின் புகை தள்ளியது. முழுசாக இறக்கிப் பார்க்க வேண்டும். நோன்பு முடிகிற தடின்ஜுட் பௌர்ணமிக்கு மறுவாரம், தாமுவேயில் ஒரு தலைமையாசிரியர் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். வண்டியும் அலங்காரமும் தருவதாக அமா வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் வண்டி ஓட வேண்டும். வேறு எஞ்சின் வைக்கவும் முடியாது. அந்த மாதிரி இன்னொன்று ஊரில் இல்லை, வண்டிப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒத்துப் பார்க்கிற அதிகாரிகள் வேறு. நம்பர் பொறித்த அந்த இரும்பு ப்ளாக் இருந்தால் வண்டி உண்டு. வண்டி இருந்தால்தான் அமாவுக்குப் பிழைப்பு.

எல்லாவற்றையும் கழற்றினோம். சிறு சாமான்கள் அலமாரிக்குப் போயின. வெறும் ப்ளாக்குக்கு கிரீஸ் பூசி, கோணியில் சுற்றி, கயிற்றால் கட்டிப் பட்டறை நடுவில் வைத்தோம். உள்ளே போட வேண்டிய ஸ்லீவ்கள் கடைசல் கடையில் தயாராகிக்கொண்டிருந்தன. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

பூஜைக்கு முந்தின நாள் பட்டறையைக் கழுவிவிடுவது நம் வழக்கம். காலையில் என் கூட்டாளி செல்லையா அண்ணனிடம், "அண்ணே, நடுவுல கெடக்குறதை எல்லாம் அந்த மூலைக்குத் தள்ளிடுங்க, தரையைக் கழுவணும்," என்றேன். சரியான உத்தரவு. மத்தியானம் பழைய இரும்பு வாங்கும் பாய் வண்டியோடு வந்தபோது, "பாய், அந்த மூலையில கெடக்குறதை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போங்க," என்றேன். அதுவும் சரியான உத்தரவுதான். இரண்டும் தனித்தனியாக இருந்தவரை எந்தக் குற்றமும் இல்லை.

கோணி மூட்டையைத் தூக்க பாயும் அவர் ஆளும் திணறினார்கள். நான் ஓடிப் போய் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன்.

"என்ன தம்பி இது, இந்தக் கனம் கனக்குது?"

"என் மாமியார் பாய். மெதுவா தூக்குங்க, முழிச்சிடப் போறாங்க."

அந்த நகைச்சுவைக்கு முதலில் சிரித்தவனும் நான்தான்.

மறுநாள் காலை பூஜை. குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். ஜாக்கிக்கு ஒன்று, பட்டறைக்கல்லுக்கு ஒன்று, வெல்டிங் செட்டுக்கு ஒன்று. செல்லையா அண்ணன் கற்பூரத்தை ஏற்றித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"மணி, அமாவோட ப்ளாக்குக்குப் பொட்டு வைக்கலியே."

"எங்க வச்சிருக்கீங்க?"

"நீதானே அந்த மூலைக்குத் தள்ளச் சொன்னே."

மூலையைப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. அங்கேதான் என் புகழ்பெற்ற நிதானம் வந்தது. கால் நகரவில்லை.

"கற்பூரம் அணையுது. காட்டு," என்றார் அண்ணன்.

காலியான மூலைக்குப் பயபக்தியோடு மூன்று சுற்றுத் தீபம் காட்டினேன்.

பாய் கடைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் காலில் செருப்பில்லாததையும் கையில் சந்தனக் கிண்ணம் இருப்பதையும் கவனித்தேன். பக்கத்தில் இருந்த பர்மியப் பெரியவர் எட்டிப் பார்த்து, பர்மியர் கன்னத்தில் பூசும் தனக்கா என்ற மரச்சாந்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைய பொய்களில் அது முதலாவது. கொஞ்சம் தொட்டுக் கன்னத்தில் பூசிக்கொண்டு, நல்ல வாசனை என்றார்.

பாய் கடையில் உட்கார்ந்து மோஹிங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு, வாயிலிருந்ததை நிதானமாக விழுங்கினார்.

"ஆறு ஓட்டை உள்ளதுதானே? பயப்படாதே. உருக்கப் போகல."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப எங்க பாய்?"

"தண்ணியில. போட்டாதாங்ல ஒரு படகுக்காரர் நங்கூரத்துக்கு வேணும்னு நேத்தே எடுத்துட்டுப் போயிட்டார். ஓட்டைக்குள்ள கயிறு விட வசதியா இருக்குன்னார்." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார், "அப்ப அது உன் மாமியார் இல்லையா?"

போட்டாதாங் படித்துறைகளில் கரையோரம் இடம் கிடைக்காத படகுகள் ஆற்றின் நடுவில் காத்திருக்கும். சம்பான் என்ற சிறு துடுப்புப் படகைப் பிடித்து அந்தப் படகுக்குப் போனேன். கழிமுகத்து ஊர்களிலிருந்து கூரை ஓலையும் கருவாடும் ஏற்றிவரும் மோட்டார்ப் படகு. சொந்தக்காரர் ஊ தான் மாங், அகலமான மனிதர், ஈறு தெரியச் சிரிப்பவர். படகின் முனையிலிருந்து தடித்த கயிறு ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. அதன் மறுமுனையில் அமாவின் பிழைப்பு.

"அந்த இரும்பா?" என்றார் ஊ தான் மாங். "அருமையான இரும்பு, சயா." மெக்கானிக்கை எல்லோரும் இங்கே சயா என்றுதான் கூப்பிடுவார்கள், வாத்தியாருக்கும் அதே மரியாதை. அன்று எனக்கு அது குத்தியது. "இதுக்கு முன்னாடி நாலு ஓட்டை ஒண்ணு வச்சிருந்தேன். நீரோட்டம் திரும்பினா அதுவும் படகும் சேர்ந்து ஊர்கோலம் போகும். ஒருதரம் பக்கத்துப் படகுல போய் இடிச்சு, அந்தப் படகு அம்மா என்னைத் திட்டினது அக்கரைக்கே கேட்டுச்சு. இது அப்படியில்ல. போட்டா போட்ட இடத்துல நிக்குது."

"வேற நாலு ஓட்டை நான் தரேன். நல்ல ஜப்பான் இரும்பு. நாலே போதும்."

"நாலு எப்படிப் போதும்?"

அமாவின் குரல் ஆண்குரலாகி ஆற்றின் நடுவில் கேட்டது.

கடையிலிருந்து அசல் நங்கூரமே வாங்கித் தருகிறேன் என்றேன். "நங்கூரத்தை மறுநாளே எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான். பழைய இரும்பை எவன் தூக்குவான்?" என்றார். தூக்கிக் கொடுப்பதற்கென்றே ஒருவன் தின்கன்ஜூனில் இருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால் தாமுவேயில் அமாவின் காது வரை போய்விடும் என்று பயம். என் பதற்றம் வேலை செய்ய ஆரம்பித்தது. கையில் சந்தனக் கிண்ணம் வேறு இருந்ததா, பொய் தானாகவே ஊறி வந்தது.

"ஊ தான் மாங், அது சாதாரண இரும்பு இல்ல. எங்க சாமிக்குப் பூஜை போட்ட இரும்பு. தண்ணியில கெடந்தா எங்க குடும்பத்துக்கு ஆகாது."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். என் விபூதியைப் பார்த்தார். வெறுங்காலைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. எழுந்து நின்று, கயிறு இறங்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அப்படிச் சொல்லுங்க சயா. அதான் அசையல. இனிமே கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

பூஜையன்று ஸ்பேனரைத் தொடக்கூடாது. பட்டறைக்குத் திரும்பி எதையாவது முறுக்கிப் பதற்றத்தைத் தணித்துக்கொள்ளவும் வழியில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை ஒரு நான்கு சிலிண்டர் ப்ளாக்கை மிதிவண்டிச் சைக்காவில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் போனேன். படகின் முனையில், நங்கூரக் கயிற்றில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. பக்கத்தில் தட்டில் தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். நாத் தேவதைகளுக்கு வைப்பது போல என் பொய்க்குப் படையல்.

"நேத்து நீரோட்டம் திரும்பினப்ப எல்லாப் படகும் ஆடுச்சு. நம்ம படகு ஆடல," என்று ஊ தான் மாங் பூரித்துப்போய் எனக்கு இரண்டு பழம் பிய்த்துக் கொடுத்தார். "பிரசாதம். சாப்பிடுங்க. இன்னிக்குச் சாயங்காலம் ஆத்துல தண்ணி வத்தறப்பக் கிளம்பறோம். இனி வர ஒரு மாசம் ஆகும்."

பழத்தைத் தின்றுகொண்டே திரும்பினேன். ஒரு மாசம். தலைமையாசிரியர் வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

செல்லையா அண்ணன் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அவர் அதிகம் பேசாதவர், பேசினால் வழி சொல்லுவார், வழி நேராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

"ப்ளாக்ல வெடிப்பு விட்டிருச்சுன்னு சொல்லிடு. டீசல் வச்சிடலாம். நீதான் ரெண்டு வருஷமா டீசல் டீசல்னு சொல்றியே. வண்டிப் புத்தகத்தை மாத்துறதுக்கு அலைஞ்சுக்கலாம்."

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அது நல்ல பொய். அளவெடுத்துக் கடைந்த புஷ் மாதிரி எந்த இடுக்கும் இல்லாமல் உட்கார்ந்தது. பழைய வார்ப்பிரும்பு வெடிக்கும், எல்லோருக்கும் தெரியும். அமா என்னை நம்புவார். இரண்டு வருஷமாகச் சொன்னேனே என்று நான் கொஞ்சம் வருத்தத்தோடு தலையாட்டலாம். பெட்ரோல் மிச்சமாகிறது என்று நாளைக்கு அவரே நன்றிகூடச் சொல்லலாம். முட்டாள்தனமான பொய்க்கு நம் மனசு லேசில் சம்மதிக்காது. இந்த மாதிரி மரியாதையான பொய்தான் ஆபத்து.

சர்வீஸ் குழிக்குள் இறங்கி அதை ஒத்திகை பார்த்தேன். குழிக்குள் ஏன் என்றால், முகத்தைப் பார்க்க யாரும் இல்லை. "அமா, மனசைத் தேத்திக்குங்க," என்று ஒருமுறை. அது சாவு வீடு மாதிரி இருந்தது. "அமா, நான் அப்பவே சொன்னேன்," என்று இன்னொருமுறை. நாலாவது தடவை நன்றாக வந்துகொண்டிருந்தபோது மேலே அமாவின் குரல் கேட்டது.

"கோ மணி இல்லியா?"

"வெளிய போயிருக்கான்," என்றார் செல்லையா அண்ணன்.

"செருப்பு வாசல்ல இருக்கே."

"வெறுங்காலோட போயிருக்கான். நேத்தும் அப்படித்தான் போனான்."

அது உண்மைதான், ஆனால் அமா நம்பவில்லை. வெள்ளை வெல்வெட் செருப்பு இரண்டும் குழியின் விளிம்பில் வந்து நின்றன. பிறகு அமா குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். கையில் ஒரு தட்டு, பூஜைக்காக ஏதோ பலகாரம்.

"அங்க என்ன பண்றீங்க? வண்டியே இல்லாத குழியில?"

"அமா... ப்ளாக்..."

"ஆமா, அதைக் கேக்கத்தான் வந்தேன். வெடிப்பு எதுவும் இல்லியே? என் கடைக்கு எதிர்ல இருக்கிறவர், பழசு, வேற யாரையாவது கூட்டிட்டுப் போய்க் காட்டுங்கன்னார். கோ மணி பார்த்தா போதும், நான் வேற யார்கிட்டயும் காட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன்."

நாலு முறை ஒத்திகை பார்த்த பொய் துருப்பிடித்த நட்டு மாதிரி ஜாம் ஆகி நின்றது. நான் நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் சோதிக்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் எனக்குச் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்.

"ஆத்துல இருக்கு," என்றேன்.

"எது?"

"ப்ளாக்."

"எந்த ஆத்துல?"

"நம்ம ஆத்துலதான். போட்டாதாங்ல."

அமா தட்டை இன்னொரு கைக்கு மாற்றினார். "முழுசாவா?"

"முழுசா."

"மேலே வாங்க, கோ மணி. குழிக்குள்ள இருக்கிற ஆளைத் திட்டினா எனக்குக் கழுத்து வலிக்கும்."

மேலே ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். மூலை, கோணி, மாமியார், சந்தனம், படையல். செல்லையா அண்ணனின் வெடிப்பு யோசனையை மட்டும் விட்டுவிட்டேன். அவர் பக்கத்தில்தான் நின்றார், கையில் சுத்தியல் இருந்தது. அமா திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது, தனக்காவையும் மீறி. கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்.

"படகு எப்பக் கிளம்புது?"

"சாயங்காலம் வத்தத்துல."

பலகாரத் தட்டைச் செல்லையா அண்ணன் கையில் கொடுத்துவிட்டு டாக்ஸியைக் கூப்பிட்டார். வழியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அங்க நீங்க பேச வேண்டாம். நான் கேட்டா மட்டும் உண்மையைச் சொல்லுங்க. வருமா?"

"முயற்சி பண்றேன், அமா."

படகில் ஊ தான் மாங் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கம் அவர் மனைவி டோ சேன் அரிசி களைந்துகொண்டிருந்தார். அமா சம்பானிலிருந்து ஏறி, லோஞ்சியை ஒதுக்கிக்கொண்டு ஓலைக்கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"ஊ தான் மாங், அந்த இரும்பு என் வண்டியோட எஞ்சின். இவர் தவறிப்போய்ப் பழைய இரும்போட சேர்த்து அனுப்பிட்டார். அதுல வேற ஒண்ணும் இல்ல."

"பூஜை போட்டதுன்னு சயா சொன்னாரே?"

அமா என்னைப் பார்த்தார். "போட்டீங்களா?"

"போடல," என்றேன். "மூலைக்குத்தான் போட்டேன். அப்ப அது மூலையில இல்ல."

ஊ தான் மாங் சிவப்புத் துணியைப் பார்த்தார். படையலைப் பார்த்தார். "ஒரு சீப்புப் பழம் வச்சேனே," என்றார் வருத்தமாக. "அதுல ரெண்டை நீங்களே தின்னீங்களே."

அந்த நிமிஷம் ஆற்றில் குதித்துப் ப்ளாக்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

"சாமி இல்ல, புதையலும் இல்ல," என்றார் அமா. "ஆனா அது ஓடினாத்தான் நான் சாப்பிட முடியும். தாமுவேல ஒரு பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அதான் நேரா வந்து கேக்கறேன்."

"நேத்தே இதைச் சொல்லியிருக்கலாமே, சயா."

"சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன், பேசக் கூடாது என்பதை மறந்து.

அவர் நேர்மையாக யோசித்தார். "குடுத்திருக்க மாட்டேன். ஆனா யோசிச்சிருப்பேன்."

அப்போது டோ சேன் அரிசிப் பாத்திரத்தோடு எழுந்து வந்தார். "தாமுவேன்னா, கறுப்பு வண்டியா? மூக்கு நீளமா இருக்குமே, அதுவா?"

"அதேதான்," என்றார் அமா.

"எங்க மக இங்க ஸ்ட்ராண்ட் ரோட்டுத் துணிக்கடையிலதான் வேலை பார்க்கறா. ஒருநாள் அந்த வண்டியைப் பார்த்துட்டு வந்து மூணு நாள் அதையே பேசினா. அவளுக்கும் இந்தத் தடவை நோன்பு முடிஞ்சதும் கல்யாணம் வச்சிருக்கோம்."

அமா ஓலைக்கட்டில் கொஞ்சம் நகர்ந்து டோ சேனுக்கு இடம் விட்டார். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு ஆண்களையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கொண்டை எப்படி, நகை யாருடையது, மாப்பிள்ளை வீடு எங்கே என்று பேச்சு ஓடியது. மகள் கல்யாணத்துக்கு அலங்காரமும் வண்டியும் அமா வாடகையில்லாமல் தருவது, பதிலுக்கு ப்ளாக் அமாவுக்கு என்று முடிந்தது. நான் இரண்டு நாளாக மூச்சுமுட்டியும் ஆகாத காரியம், அரிசி உலைக்குப் போவதற்குள் ஆகிவிட்டது.

"எனக்கு?" என்றார் ஊ தான் மாங்.

"உங்களுக்கு நாலு ஓட்டை ரெண்டு தருவார்," என்று அமா என்னைக் காட்டினார். "சங்கிலி போட்டுப் பிணைச்சு."

அவர் விரல் விட்டு எண்ணினார். நாலும் நாலும் எட்டு. அவர் முகத்தில் பழைய ஈறுச் சிரிப்பு திரும்பியது. பேரத்தில் ஜெயித்தது தான்தான் என்று அவர் கடைசிவரை நம்பினார், இப்போதும் நான் மறுக்க மாட்டேன்.

உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்றால் இதுதான். பொருள் கைவிட்டுப் போனால் முதலில் அதன் சொந்தக்காரரிடம் போங்கள். நான் போனது சொந்தக்காரரைத் தவிர மற்ற எல்லோரிடமும். ஒவ்வொருவரிடமும் என் பதற்றத்தைக் காட்டக் காட்ட அந்த இரும்பின் மதிப்பு ஏறிக்கொண்டே போய்த் தெய்வம் வரைக்கும் எட்டிவிட்டது. அமாவிடம் என்னைவிட அதிகத் திறமை எதுவும் இல்லை. அவருக்கு அது எதற்கு வேண்டும் என்று தெரியும், அதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

நங்கூரக் கயிறு சுருட்டும் சுழல்கட்டையைச் சுழற்றி ப்ளாக்கை மேலே ஏற்றினோம். சேறு வழிய வழிய அது வந்ததைப் பார்த்து அமா, "இதுதானா?" என்று மட்டும் கேட்டார். மூன்றாவது சிலிண்டரிலிருந்து ஒரு கெளுத்தி மீன் துள்ளிப் படகுத் தளத்தில் விழுந்தது. டோ சேன் அதைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டார்.

துருவை எடுத்தது, கடைந்தது, பூட்டியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலை. தண்ணீர்ப் பாதைகளிலிருந்து வந்த சேற்றில் ஒரு வாழைக் கன்று நட்டிருக்கலாம், அவ்வளவுதான். தடின்ஜுட் விளக்குகள் எரிந்த மறுநாள் காலை எஞ்சினைக் கிளப்பினோம். அமா பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் செல்லையா அண்ணனும் பரீட்சை முடிவுக்கு நிற்பவர்களைப் போல நின்றோம். இறங்கினார். இரண்டு புருவமும் நேர்.

"கெய்சா மஷிபூ," என்றார், பரவாயில்லை என்று அர்த்தம். அதற்குமேல் பாராட்ட அவருக்கு மனம் வரவில்லை, நியாயம்தான். தண்டனை தனியாக இருந்தது. அந்த சீசன் முழுக்க வெள்ளைச் சட்டையும் தைப்போன் கோட்டும் போட்டுக்கொண்டு நானே வண்டியை ஓட்ட வேண்டும். "வழியில என்ன ஆனாலும் பொறுப்பு உங்க கண்முன்னாடி இருக்கட்டும்," என்றார்.

தலைமையாசிரியர் வீட்டுப் பெண் மண்டபத்தில் இறங்கியபோது கொண்டைப் பூ முதல் எல்லாம் ஏறினபடியே இருந்தது. எனக்கு மட்டும் கோட்டு நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

அதற்கு மறுமாதம் ஊ தான் மாங் மகள் கல்யாணம். பின்சீட்டில் பெண்ணும் டோ சேனும் அமாவும். முன்சீட்டில் என் பக்கத்தில் ஊ தான் மாங், புதுக் காங்பாங் தலைப்பாகையோடு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, படகில் உட்காருகிறவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்ட்ராண்ட் ரோட்டில் மூட்டை ஏற்றின லாரி ஒன்று குறுக்கே திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. நான் வண்டியை நிறுத்தி நியூட்ரலில் போட்டேன். ஒரு நிமிஷம் போனது. அவர் என் பக்கம் சாய்ந்து, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டார்.

"சயா, நின்னுடுச்சா?"

"இல்ல. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

நம்பாமல் உள்ளங்கையை டாஷ்போர்டில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. பிறகு பின்பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, பெண்ணைப் பெற்ற பெருமையோடு சொன்னார்.

"என்கிட்ட இருந்தப்பவும் இப்படித்தான். சத்தமே போடாது."